ஒரே மழைக்கு எத்தனை கணக்கு?

நம் நகரத்துக் குடிநீருக்கு நாம் சாத்தனூர் அணையை நம்பியிருக்கிறோம். அந்த அணை நிறைவது இங்கு பெய்யும் மழையால் மட்டுமல்ல. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி வழியாக வந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அதன் படுகை சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பரப்பில் வறட்சி வருவதை எப்படி அறிகிறார்கள்? "செல்போனில் மழை என்று காட்டுகிறது, நிலத்தில் ஒரு சொட்டு இல்லை" என்று விவசாயம் செய்யும் நம் ஜமாஅத் குடும்பங்கள் சொல்வதால் இதை எழுதுகிறோம். (செல்போன் காட்டுவது பெரும்பாலும் கணினியின் கணிப்பு. அளந்த மழையே அல்ல.)

உண்மையில் அளப்பது மழைமானி. தினமும் காலை 8.30 மணிக்குப் பதிவு செய்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாடெங்கும் ஏறத்தாழ 7,000 மழைமானிகளின் பதிவுகளிலிருந்து 1901 முதலான கணக்கைக் கட்டம் கட்டமாகத் தயாரித்துள்ளது. ஒரு கட்டம் சுமார் 27 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் உச்சியும் அடிவாரமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடலாம்.

மழைமானி இல்லாத இடத்தைச் செயற்கைக்கோள் பார்க்கிறது. நாசாவும் ஜப்பானும் 2014இல் ஏவிய ஜி.பி.எம். செயற்கைக்கோளை வைத்து அரை மணிக்கு ஒரு கணக்கு தருகிறார்கள். ஆனால் அது மேலிருந்து மேகத்தைப் பார்த்து மதிப்பிடுவது. மலைச்சரிவில் பெய்யும் மழையைக் குறைத்துக் காட்டுவதுண்டு. இரண்டையும் கலந்து, 1981 முதல் 5 கிலோமீட்டர் அளவில் தரும் 'சிர்ப்ஸ்' என்ற தொகுப்பும் இருக்கிறது.

வறட்சி என்பது வழக்கத்தைவிட எவ்வளவு குறைவு என்பதுதான். வழக்கம் எது என்று தெரிய முப்பது ஆண்டுப் பதிவாவது வேண்டும். எனவே வறட்சிக்கு வேகமான கணக்கைவிட நீண்ட, சீரான கணக்கே மேல் என்பது எங்கள் கருத்து. அதைச் சோதிக்கவும் வழி உண்டு. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டை வறட்சியாகக் காட்டாத தொகுப்பை நம்ப முடியாது.

மொத்த மழையும் ஏமாற்றும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு நாள் வந்தால், அதற்கு முன் பயிர் காய்ந்த வாரங்கள் பருவக் கணக்கில் மறைந்துபோகும்.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வறட்சிக் கையேட்டின்படி, வறட்சி அறிவிப்புக்கு முதல் படியே மழைக்குறைவுதான். நிவாரணமும் அதைத் தொடர்ந்தே வரும். ஆகவே மனுவுடன் செல்போன் படத்தை இணைக்காதீர்கள். அருகிலுள்ள மழைமானியின் பதிவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு, விதைத்த தேதியுடன் எழுதுங்கள். எழுத உதவி வேண்டுவோர் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம்.