மண்ணில் கிடைத்த காசு: தரமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா?

அமெரிக்காவில் ஓய்வு நாட்களில் உலோகம் காணும் கருவியைக் கையிலேந்திப் பழைய பண்ணைகளிலும் பாழடைந்த வீட்டு மனைகளிலும் நடப்பவர்கள் பலர். கருவி ஒலித்த இடத்தைத் தோண்டினால் பெரும்பாலும் ஆணியோ பாட்டில் மூடியோதான் கிடைக்கும். சில வேளைகளில் நூறாண்டு பழமையான வெள்ளிக் காசு ஒன்று வெளிவரும். அதைக் கட்டணம் செலுத்தித் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவதா, வேண்டாமா? இவ்வினாவுக்கு விடை காணச் சிறிது இயற்பியலும் சிறிது கணக்கும் நமக்கு உதவும்.

கருவி சொல்வதும் சொல்லாததும்

கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதனால் தோன்றும் மாறும் காந்தப்புலம் மண்ணுள் ஊடுருவிக் காசில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. இவை உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கருவி மீண்டும் உணர்கிறது. வெள்ளி தலைசிறந்த மின்கடத்தியாதலால், அதிலிருந்து வரும் குறிப்பலையின் கட்டம் இரும்பினுடையதிலிருந்து வேறுபடும். எனவே, 'இங்கே நன்கு மின் கடத்தும் உலோகம் உள்ளது' என்று கருவியால் சொல்ல முடியும். காசின் ஆண்டு, அதை அடித்த நாணயச்சாலை, தேய்மானம் ஆகியவற்றை அதனால் சொல்ல முடியாது. மதிப்போ இம்மூன்றிலும்தான் அடங்கியுள்ளது!

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1916-ல் இறக்கை வைத்த தொப்பியணிந்த பெண் தலை பொறித்த பத்து சென்ட் வெள்ளிக் காசு வெளியாயிற்று. பிலடெல்பியா நாணயச்சாலை அவ்வாண்டில் இதை 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் அடித்தது. டென்வர் சாலை அடித்ததோ 2,64,000 மட்டுமே. டென்வர் காசின் பின்புறத்தில் 'டி' என்னும் சிறிய எழுத்து இருக்கும். வேறு வேற்றுமை இல்லை. சாதாரணமாகத் தேய்ந்த பிலடெல்பியா காசு சில டாலர்களே பெறும். டென்வர் காசு மிகத் தேய்ந்த நிலையிலும் நூற்றுக்கணக்கான டாலர் பெறும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

இக்காசில் 90 விழுக்காடு வெள்ளியும் 10 விழுக்காடு செம்பும் உள்ளன. புதுக்காசின் எடை 2.5 கிராம். கலவையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.3. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, நூலில் கட்டி நீரில் மூழ்கடித்தால் காசு 0.24 கிராம் எடை இழக்க வேண்டும். ஒப்படர்த்தி 8.5 உள்ள பித்தளையில் செய்த போலியானால் இழப்பு 0.29 கிராமாக இருக்கும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம்.

ஆயினும் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஏமாற்றுவோர் உண்மையான பிலடெல்பியா காசை எடுத்து, அதன்மேல் 'டி' எழுத்தை ஒட்டவைப்பதுண்டு. உலோகம் அசல், எடை அசல், ஒப்படர்த்தியும் அசல். எழுத்து மட்டுமே போலி! அதைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கியும், அசல் அச்சுகளில் எழுத்து அமைந்த இடத்தையும் வடிவத்தையும் அறிந்த பழகிய கண்ணும் தேவை.

தேய்க்காதீர்!

நாணயம் அடிக்கும்போது பேரழுத்தத்தால் உலோகம் அச்சினுள் பாய்ந்து பரவுகிறது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டாகின்றன. காசைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரம்போல் சுழல்வது இவ்வரிகளால்தான். ஒட்டிய மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவில் 7 கடினம் உடையது. வெள்ளி 3-ஐயும் எட்டாது. மண்ணோடு சேர்த்துத் துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் உரசுவதற்கு ஒப்பாகும். அந்தக் கீறல்களை எந்த நிபுணராலும் அழிக்க முடியாது. தூய நீரில் ஊறவிட்டு, மண் தானே கழன்றபின் ஒற்றி எடுப்பதே முறை.

மண்ணும் தன் பங்கைச் செய்கிறது. வெள்ளி எளிதில் வினைபுரியாது. செம்பு அப்படியன்று, ஈரமும் குளோரைடு உப்பும் சேர்ந்தால் பச்சை படர்ந்து குழி விழும். ஆகவே மண்ணில் கிடந்த செப்புக் காசு நல்ல தரம் பெறுவது அரிது.

எழுபது புள்ளிகள்

1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலறிஞர், பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரையுள்ள ஓர் அளவுகோலை வகுத்தார். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்னும் நிறுவனங்கள் தோன்றி, இவ்வளவுகோலைக் கொண்டு எல்லாக் காசுகளையும் தரம்பிரித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. அரிமானமோ தேய்த்த கீறலோ இருந்தால் எண் தரப்படாது. 'அசல், ஆனால் சேதமுற்றது' என்ற குறிப்பு மட்டுமே கிடைக்கும். மண்ணில் எடுத்த காசுகள் பலவற்றின் கதி இதுவே.

கணக்கு என்ன சொல்கிறது?

கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்து 60 டாலர் ஆவதாகக் கொள்வோம். ஐந்து டாலர் பெறும் பிலடெல்பியா காசை அனுப்புவது வீண். 'டி' எழுத்துள்ள காசுக்கு, சான்றில்லாமல் வணிகர் 200 டாலரும், சேதக் குறிப்போடு கூடிய சான்றிருந்தால் 500 டாலரும் தருவார் எனக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அசலானால் 300 டாலர் கூடுதல். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பிருந்தாலே போட்ட 60 டாலருக்கு ஈடாகிவிடும். அதற்கு மேலிருந்தால் அனுப்புவதே அறிவுடைமை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கலையாத மண்ணில் ஆழத்தில் கிடந்த காசு, பெரும்பாலும் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே தவறி விழுந்திருக்கும். அப்படிப்பட்ட காசில் எவரும் 'டி' ஒட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. தோண்டியவருக்கு இது தெரியும். வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் அறிந்ததை அறிமுகமில்லாத மற்றொருவரும் நம்பும்படி செய்வதே சான்றின் வேலை. அது காசின் தரத்தை ஓர் இம்மியும் உயர்த்துவதில்லை. விற்கும் எண்ணமின்றிப் பேரப்பிள்ளைகளுக்காகப் பாதுகாப்பவருக்கு அச்சான்று தேவையே இல்லை; உலர்ந்த உறையும், கிடைத்த இடம், ஆழம், நாள் எழுதிய சீட்டும் போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் சட்டம் உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இக்கருவியைப் பயன்படுத்தலாகாது. தனியார் நிலமானால் உரிமையாளர் இசைவு வேண்டும். நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, காசு கையில் வந்ததும் முதலில் தேய்க்காமல் இருங்கள். பின்னர் ஆண்டையும் எழுத்தையும் உருப்பெருக்கியால் படியுங்கள். எடையும் ஒப்படர்த்தியும் காணுங்கள். அதன் பின்னும் விடை தெரியாத ஐயம் ஒன்று எஞ்சி, அந்த ஐயத்தின் விலை கட்டணத்தைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே அஞ்சலில் சேருங்கள்.