துயரத்துக்கு மருந்தாக வந்த 'கருக்கு'

கூமாப்பட்டி என்றதும் இப்போது பலருக்கு நினைவுக்கு வருவது 2025-ல் செல்போனில் சுற்றிய ரீல்ஸ்தான். பிளவக்கல் அணையையும் மலையையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வண்டி பிடித்து வந்தார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் இதே மலையடிவாரத்தை 33 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் எழுத்தில் காட்டிவிட்டார். வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டியில் 1958-ல் பிறந்த பாமாதான் அவர். புத்தகத்தின் பெயர் 'கருக்கு'.

எழுத்தாளர் ஆக வேண்டும் என்று அவர் அதை எழுதவில்லை. ஆசிரியையாக இருந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் இருந்தார். அங்கேயும் சாதி பார்க்கப்பட்டதைத் தாங்க முடியாமல் 1992-ல் வெளியே வந்தபோது வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. மனம் உடைந்து கிடந்த அந்த நாட்களில் சின்ன வயது ஊர் நினைவுகள்தான் அவருக்கு ஆறுதல். அதையே எழுதிப் பாருங்கள் என்றார் ஒரு நண்பர். எழுதினார்.

பனைமட்டையின் இரு ஓரமும் ரம்பம் போல இருப்பதுதான் கருக்கு. விறகுக்கு மட்டை பொறுக்கியவர்களுக்கு அது எப்படிக் கீறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதில் ஒரு காட்சி. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர், வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலக்காரரிடம் பணிந்து கொடுக்கிறார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று விளக்குகிறார். நன்றாகப் படி என்றும் சொல்கிறார். (பாமாவின் அண்ணன், ஆய்வாளரும் நாவலாசிரியருமான ராஜ் கௌதமன். 2024-ல் காலமானார்.)

இதையெல்லாம் அவர் பண்டிதத் தமிழில் எழுதவில்லை. தெருவில் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். நம் வீட்டுப் பெண்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் இலக்கணம் பார்த்தா கட்டினார்கள்? துக்கத்தைப் பாட்டாக்கி இறக்கி வைக்கும் அந்தப் பழக்கத்தைப் பற்றி 1994-ல் வந்த 'சங்கதி'யில் பாமாவே எழுதியிருக்கிறார். பேச்சுத் தமிழில் எழுதினால் மார்க் போகுமோ என்று பயப்படும் மாணவர்கள் அவசியம் 'கருக்கு' படிக்க வேண்டும்.

புத்தகம் வந்ததும் ஊர் கொண்டாடவில்லை. நம்மைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று பெரியவர்கள் கொதித்தார்கள். ஏழு மாதம் அவரால் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. மடமும் இல்லை, வீடும் இல்லை என்ற நிலை. எழுதித் தேறிய மனசுக்கு இன்னொரு அடி. ஊர்க்காரர்களின் கோபத்தையும் குறை சொல்வதற்கில்லை. பட்ட அவமானத்தை வெளியே சொல்லாமல் மூடி வைத்துப் பழகியவர்கள் அவர்கள். படித்த இளைஞர்கள் எடுத்துச் சொன்ன பிறகே பெரியவர்கள் இறங்கி வந்தார்கள்.

லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ல் வெளியாகி கிராஸ்வேர்டு விருது பெற்றது. அதற்கு வெகு முன்பே புதுப்பட்டி தன் மகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தது.