137 கடலைப்பருப்பு, 3 விநாடி

1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் விளையாட்டின் நாயகன் ஒரு மஞ்சள் வட்டம். ஒரு துண்டு எடுத்த பீட்சாவைப் பார்த்து அவ்வடிவம் தோன்றியதாக, அதை உருவாக்கிய தோரு இவாடானி சொன்னதுண்டு. அப்பளத்துக்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சிக்காரர் கண்ணுக்கு அது ஓரம் விண்ட அப்பளம். அந்த வட்டத்தை வீட்டுத் தரையில் பருப்பால் வரைந்து, படம் படமாக நகர்த்தி, மூன்று விநாடி ஓடவிடும் முறை இது.

முதலில் தளம். கறுப்பு சார்ட் தாளைத் தரையில் விரித்து நான்கு மூலைகளையும் ஒட்டுநாடாவால் இறுக்க வேண்டும். அதில் வெள்ளைப் பென்சிலால், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், 48க்கு 27 நேர்ப்புள்ளி வைக்க வேண்டும். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. முழு எச்.டி. காணொளிச் சட்டம் 1920க்கு 1080 படப்புள்ளிகள் கொண்டது. இரண்டையும் 40ஆல் வகுத்தால் 48உம் 27உம் மீதியின்றி வரும்.

இரண்டாவது, வரைபடம். கட்டத்தாளில் 13 கட்டம் அகலமும் உயரமும் கொண்ட வட்டம். மேலிருந்து வரிசைக்கு 5, 9, 11, 11, பிறகு ஐந்து வரிசைகளில் 13, மீண்டும் 11, 11, 9, 5. மொத்தம் 137. இது மூடிய வாய். வலப்புறம் 17 கட்டங்களை அழித்தால் பாதி திறந்த வாய். 39 அழித்தால் முழுதும் திறந்த வாய். மூடல், பாதி, முழுமை, பாதி என நான்கு படங்கள் ஒரு சுற்று. அந்தப் பழைய விளையாட்டிலும் வாய்க்கு மூன்று வடிவங்களே.

மூன்றாவது, பருப்பு. கடலைப்பருப்பு மஞ்சள், ஒருபுறம் தட்டை என்பதால் உருளாது. சம அளவில் 137 பொறுக்கி எண்ணிக்கொள்ள வேண்டும். வட்டம் தின்னும் இரைக்கு உடைத்த வெள்ளை உளுந்து 8.

நான்காவது, ஒளியும் கேமராவும். அப்பளம் காய வெயில் வேண்டும். இந்த வேலைக்கு வெயிலே ஆகாது. மேகம் கடந்தால் படத்துக்குப் படம் நிறம் மாறும். ஜன்னலைச் சாத்தி, இருபுறமும் சம உயரத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இரண்டு நாற்காலிகளின் மேல் பலகையிட்டு, அதில் கைபேசியைத் தரை நோக்கிக் கட்டி, 48 புள்ளிகளும் சட்டத்துக்குள் நிறையும் உயரத்தில் நிறுத்த வேண்டும். குவியம், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். விசைக்கு ப்ளூடூத் பொத்தான். கைபேசியைத் தொட்டால் சட்டம் நகர்ந்துவிடும்.

ஐந்தாவது, அடுக்கல். மேலிருந்து 8ஆம் வரிசை முதல் 20ஆம் வரிசை வரை, இடப்புற ஓரத்தில் மூடிய வட்டம். 14ஆம் வரிசையில், 16ஆம் புள்ளி முதல் நான்கு புள்ளிக்கு ஒன்றாக 44 வரை உளுந்து. முதல் படம்.

ஆறாவது, நகர்த்தல். ஒவ்வொரு படத்துக்கும் உருவம் ஒரு புள்ளி முன்னேறும். 137ஐயும் தூக்க வேண்டியதில்லை. சிறு இடுக்கியால் முதுகுப்புறம் வரிசைக்கு ஒன்றாக 13 பருப்பை எடுத்து முன்புறம் வைத்தால் வட்டம் நகர்ந்துவிடும். பிறகு வரைபடத்தைப் பார்த்து வாயின் விளிம்பைத் திருத்த வேண்டும். மிஞ்சும் பருப்பு கிண்ணத்துக்கு. வாய் பாதியானால் கிண்ணத்தில் 17, முழுமையானால் 39, மூடினால் பூஜ்யம். விசையை அழுத்துமுன் கிண்ணத்தை எண்ணினால் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

உளுந்தும் இந்தச் சுற்றோடு பொருந்துகிறது. 4ஆம் படத்தில் முதல் உளுந்து பாதி திறந்த வாய்க்குள் இருக்கும். 5ஆம் படத்தில் வாய் மூடும்போது அதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். சுற்று நான்கு படம், இடைவெளி நான்கு புள்ளி. ஆகவே ஒவ்வொரு மூடலிலும் ஓர் உளுந்து தானே அகப்படும்.

ஒரு நகர்த்தலுக்கு நான்கு நிமிடம் என்றால், 35 நகர்த்தலுக்கு 2 மணி 20 நிமிடம். கிடைக்கும் 36 படங்களை விநாடிக்கு 12 வீதம் கோத்தால் மூன்று விநாடி. கடைசிப் படத்தில் உருவம் வலப்புற ஓரத்தைத் தொட்டு நிற்கும். அப்போது கிண்ணத்தில் 17 கடலைப்பருப்பும் தனியே 8 உளுந்தும் இருந்தால் கணக்கு நேர்.