ஏரியலை எந்தப் பக்கம் திருப்புவது?

2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, சபாவிலும் சரவாக்கிலும் கடைசி அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றது. தீபகற்பத்தில் அதற்கு முன்பே, அக்டோபர் 14ஆம் தேதியோடு வேலை முடிந்திருந்தது. அந்த ஆண்டு ஜூலை 21இல் முதலில் மாறிய இடம் லங்காவி. 1963 டிசம்பர் 28இல் நம் நாட்டில் தொடங்கிய ஓர் ஒளிபரப்பு முறை, ஏறக்குறைய 56 ஆண்டுகளுக்குப் பிறகு ஓய்வு பெற்றது. அப்போது நம்மில் பலர் இடைநிலைப்பள்ளியின் தொடக்க வகுப்புகளில் இருந்தோம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் இருக்கிறார்கள். மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள், இணையம் ஒரு கம்பத்தோடு நின்றுவிடும் தோட்டத்துக்காரர்கள், டிவி2இல் தமிழ்ச் செய்தியைக் கேட்டால்தான் நாள் முடிந்ததாக நினைக்கும் நம் தாத்தா பாட்டிகள். அவர்களுக்கு "இலக்கவியலுக்கு மாறிவிட்டோம்" என்ற அறிவிப்பு, கூரையில் ஏறி ஏரியலைத் திருப்பும் வேலையாகத்தான் வந்து சேர்ந்தது.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி. பலர் நினைப்பதைவிட சுவாரசியமான கேள்வி அது. படிவம் 4 இயற்பியல் நூலின் அலைகள் பாடம் முழுக்க அதற்குள் இருக்கிறது.

நம் நாட்டில் பெரிய ஒளிபரப்புக் கோபுரங்கள் மலை உச்சிகளில் நிற்கின்றன. கெடாவில் 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராய், ஜொகூரில் 1,276 மீட்டர் குனோங் லேடாங், கெந்திங் பக்கத்தில் 1,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்த உலு காலி. உயரம் ஏன் முக்கியம்? தொலைக்காட்சி இப்போது பயன்படுத்தும் யுஎச்எஃப் அலைகள் 470 மெகாஹெர்ட்சுக்கு மேல் உள்ளவை. அவை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கின்றன. கோபுரம் உயர உயர, பூமியின் வளைவைத் தாண்டி அது "பார்க்கும்" தூரம் கூடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்து, தடையில்லாத சமவெளி என்றால், கணக்குப்படி 130 கிலோமீட்டர் வரை எட்டும். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜெராய் மலை கண்ணுக்குத் தெரிகிறது என்றால், ஏரியலுக்கும் தெரிகிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் மலை என்பது இருபக்கமும் வெட்டும் கத்தி. கோபுரத்தைத் தூக்கிப் பிடிப்பதும் மலைதான், அடுத்த பள்ளத்தாக்குக்கு அலை போகாமல் மறைப்பதும் மலைதான். அலைகள் விளிம்பில் வளையும் என்று படித்திருக்கிறோம். தேர்வுக்காக 'பெம்பெலாவான்' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். அலைநீளம் பெரிதாக இருந்தால் அதிகம் வளையும், சிறிதாக இருந்தால் குறைவாக வளையும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெறும் அரை மீட்டர். ஒரு குன்றைச் சுற்றி வளைந்து இறங்க அது போதாது. பழைய அனலாக் காலத்தில் பல ஊர்களில் விஎச்எஃப் அலையும் இருந்தது. 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒன்றரை மீட்டர் நீளம். அது பள்ளத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். "முன்னே படம் வந்துச்சு, டிஜிட்டல் வந்த பிறகுதான் போச்சு" என்று பெரியவர்கள் குறைபடுவதில் இயற்பியல் நியாயம் இருக்கிறது.

அங்கேதான் துணை நிலையம் வருகிறது. 'கேப் ஃபில்லர்' என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்வார்கள்; இடைவெளி நிரப்பி. பெரிய கோபுரமும் பள்ளத்தாக்கும் இரண்டுமே தெரியும்படியான ஒரு குன்றின்மேல் சிறிய கோபுரம் ஒன்றை நிறுத்துவார்கள். அது பெரிய நிலையத்தின் ஒளிபரப்பை வாங்கி, வலுவாக்கி, பள்ளத்துக்குள் மறுபடி அனுப்பும். பெரிய நிலையம் கிலோவாட் கணக்கில் அனுப்பினால், இதற்குச் சில வாட் போதும்.

சில வாட் எப்படிப் போதும் என்று சந்தேகம் வரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய கோபுரம் 60 கிலோமீட்டர் தொலைவிலும், சிறியது 3 கிலோமீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தூரம் 20 மடங்கு. அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும், ஆக வித்தியாசம் 400 மடங்கு. பக்கத்துக் குன்றின் 10 வாட், தொலைவு மலையின் 4,000 வாட்டுக்குச் சமம். அதுவும் நடுவில் எந்தத் தடையும் இல்லை என்றால்தான். குன்று ஒன்று குறுக்கே நின்றால் அந்த 4,000 வாட்டிலும் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

பகாங் மலைப்பகுதியில் இருக்கும் என் பாட்டி வீட்டில் இதை நேரில் பார்த்தேன். தோட்டத்து லயம் இருந்த பள்ளத்திலேயே இப்போது வரிசை வீடுகள். மாமா, பழைய நாட்களில் எந்த மலையை நோக்கி ஏரியல் வைத்திருந்தாரோ அதே மலையை நோக்கி, 20 அடி இரும்புக் குழாயில் அதே நீளக் கம்பி ஏரியலை நிறுத்தியிருந்தார். படம் வரும், போகும். செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி சதுரம் சதுரமாக உறைந்து நிற்பார். டவுனில் ஒரு கடையில் சொன்னார்கள் என்று 60 வெள்ளி கொடுத்து பூஸ்டர் வாங்கி மாட்டினார். அதன் பிறகு சில அலைவரிசைகள் அடியோடு போய்விட்டன.

"சிக்னல் எண்பது காட்டுதேம்மா, அப்புறம் ஏன் படம் வரல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. டிகோடரின் பட்டியலுக்குள் போனால் இரண்டு கோடுகள் தெரியும்: ஒன்று வலிமை, இன்னொன்று தரம். வலிமை என்பது ஏரியலில் வந்து விழும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. இரைச்சலும் அதில் சேர்த்தி. தரம் என்பது அதில் எவ்வளவு பயன்படும் என்பது. மாமா வீட்டில் தரம் 20ஐத் தாண்டவில்லை. பூஸ்டர் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பெரிதாக்கும். மோசமான ஒலிநாடாவைச் சத்தமாக வைத்தால் பாட்டு தெளிவாகிவிடாது.

அனலாக்கில் அலை பலவீனமாக இருந்தால் திரையில் புள்ளி புள்ளியாகப் பனி பெய்யும்; இருந்தாலும் ஆளைத் தெரியும், குரல் கேட்கும். இலக்கவியல் ஒளிபரப்பு அப்படி இல்லை. பிழை திருத்தும் குறியீடுகள் ஓர் எல்லை வரை எல்லாக் குறையையும் மறைத்துவிடும். படம் பளிச்சென்று இருக்கும். எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. மலை முகட்டிலிருந்து கால் தவறுவது போலத்தான். அதனால் "நேற்று வரை நன்றாக இருந்ததே" என்பது எதையும் நிரூபிக்காது. நேற்றும் விளிம்பில்தான் நின்றிருப்போம்.

விடை தெருவிலேயே இருந்தது. வரிசையில் கடைசி இரண்டு வீடுகளின் புதிய ஏரியல்கள் எங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்த்தன. பின்னால் இருந்த குன்றில் ஒரு சின்னக் கோபுரம். இன்னொன்றையும் கவனித்தேன்: அவர்களுடைய ஏரியல்களின் குறுக்குக் கம்பிகள் தரைக்கு இணையாக இல்லாமல் நட்டுக்குத்தாக நின்றன. இது அலங்காரம் அல்ல. மின்காந்த அலை கிடையாகவும் அதிரலாம், நெடுக்காகவும் அதிரலாம். ஏரியலின் கம்பிகள் அதே போக்கில் இருக்க வேண்டும். பிரிட்டனில் பெரிய நிலையங்கள் கிடையாகவும், பெரும்பாலான துணை நிலையங்கள் நெடுக்காகவும் அனுப்புகின்றன. ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க இது உதவுகிறது. உங்கள் வட்டாரத்தில் எப்படி என்பதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, படம் நன்றாக வரும் பக்கத்து வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பதுதான்.

குழாயை இறக்கி, பூஸ்டரைக் கழற்றி, யுஎச்எஃப் ஏரியல் ஒன்றை நெடுக்காக மாட்டி, குன்றை நோக்கித் திருப்பினோம். உள்ளே டிவி முன்னால் என் சித்தி மகன், கையில் கைப்பேசி. "இப்ப எவ்வளவு?" "நாற்பது." "இப்ப?" "டேய், தொண்ணூறு!" வலிமை முன்பைவிடக் குறைவாக, 60 சொச்சம்தான். தரம் 90ஐத் தாண்டியது. பாட்டி பார்த்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மீன்முள் வடிவ ஏரியலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1926இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ ஊடாவும் ஹிதெட்சுகு யாகியும் உருவாக்கியது. அதனால்தான் யாகி-ஊடா ஏரியல் என்று பெயர். 600 மெகாஹெர்ட்சுக்கு அதன் முக்கியக் கம்பி ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் இருந்தால் போதும். மாமாவின் பழைய ஏரியலில் இருந்த முக்கால் மீட்டர் கம்பிகள் விஎச்எஃப் காலத்துக்கு உரியவை. அவை இப்போது காகம் உட்காரத்தான் பயன்படும்.

சரி, இரண்டு கோபுரங்களும் ஒரே நிகழ்ச்சியை அனுப்பினால் ஒன்றையொன்று கெடுக்காதா? அனலாக்கில் கெடுத்தது, ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால் திரையில் பேய் உருவம் போல இரட்டைப் படம் தெரியும். அதனால் துணை நிலையத்துக்கு வேறு அலைவரிசை கொடுக்க வேண்டியிருந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் பயன்படுத்தும் டிவிபி-டி2 முறையில் இதற்கு அழகான தீர்வு உண்டு. தரவு ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளில் பிரித்து மெதுவாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு காப்பு இடைவெளி. எதிரொலிக்கும் மண்டபத்தில் ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்லி, அதன் எதிரொலி அடங்கிய பிறகு அடுத்த சொல்லைச் சொல்வது போல. இந்த முறை அனுமதிக்கும் அளவுகளில் ஒன்று 224 மைக்ரோ வினாடி. ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும் என்பதால், 67 கிலோமீட்டர் சுற்றி வரும் அலைகூட அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். நிலையங்கள் எல்லாம் ஒரே கடிகாரத்துக்கு இசைந்து அனுப்பினால், இரண்டாவது கோபுரத்தின் அலை தொல்லையாக இல்லாமல் துணையாகிவிடுகிறது. எனக்கு முதல் தடவை இது வகுப்பில் புரிந்தபோது விரிவுரை முடிந்தும் எழுந்து போக மனம் வரவில்லை.

துணை நிலையத்துக்கே ஒரு தலைவலி உண்டு. வாங்கும் அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பினால், அனுப்பியது மறுபடி அதன் காதிலேயே வந்து விழும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி முன்னால் மைக்கைப் பிடித்தால் வீல் என்று கத்துமே, அதே கதை. வாங்கும் ஏரியலையும் அனுப்பும் ஏரியலையும் ஒன்றுக்கொன்று மறைவாக வைத்துச் சமாளிப்பார்கள். அல்லது செயற்கைக்கோள், கண்ணாடியிழை வழியாகத் தரவைக் கொண்டுவருவார்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. செயற்கைக்கோள் தட்டு வைத்த வீடுகளில் கனமழைக்குப் படம் போவது நமக்குப் பழகிய ஒன்று. 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். அரை மீட்டர் யுஎச்எஃப் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. வெள்ளக் காலத்தில் இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

"யார் இப்போது டிவி பார்க்கிறார்கள்?" என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். கோவிட் காலத்தை மறந்துவிட்டோமா? பள்ளிகள் மூடியிருந்தபோது, 2021 பிப்ரவரி 17இல் டிடிக் டிவி தொடங்கப்பட்டது. என்டிவி7 அலைவரிசையில் பாடங்கள் வந்தன. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளுக்குத் தரவுச் செலவில்லாத வகுப்பு அது. ஏரியல் சரியாக இருந்த வீடுகளுக்கு மட்டும்.

எனக்கு இதில் ஒரு கோபமும் உண்டு. அனலாக்கை நிறுத்தியதால் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி காலியானது. அது கைப்பேசிச் சேவைக்குப் போனது. நகரங்களில் நாம் அனுபவிக்கும் 5ஜியில் அதற்குப் பங்கு உண்டு. அப்படியானால் வழிவிட்டவர்களில் பள்ளத்தாக்கு வீடுகளும் அடக்கம். வசதி குறைந்த குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாகக் கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் அலை எட்டாத வீட்டில் டிகோடர் வெறும் பெட்டி. இன்னும் சில குன்றுகளில் சின்னக் கோபுரங்கள் வேண்டும். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் புகார் எழுதத் தெரியாத தாத்தாவுக்காக அந்தக் கடிதத்தை நாம் எழுதிக் கொடுக்கலாம். இடம், ஏரியல் பார்க்கும் திசை, வலிமை, தரம் ஆகிய நான்கையும் குறிப்பிட்டால், வெறும் "படம் வரவில்லை" என்பதைவிட அது எடை கூடிய கடிதம்.

விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் முயன்று பார்க்கலாம். ஏரியலைத் திருப்பிய பிறகு டிகோடரில் தானியங்கித் தேடலை மறுபடி ஓட்ட வேண்டும். கைப்பேசிக் கோபுரம் அருகில் இருந்து, பழைய அகல ஏரியலோடு பூஸ்டரும் இருந்தால், 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் உள்ளே புகுந்து திணறடிக்கலாம். அதற்கு ஒரு சிறு வடிகட்டி கடைகளில் கிடைக்கும். பூஸ்டர் வேண்டியே ஆக வேண்டும் என்றால் அதை டிவி பக்கத்தில் அல்ல, ஏரியல் பக்கத்தில் மாட்டுங்கள். நீளக் கம்பியில் அலை தேய்ந்த பிறகு பெருக்கிப் பயனில்லை. கூரைக்கு அருகே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதனால் ஏணியைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.