நிர்வாகக் குழுவில் அமர்வோர் யார்?

ஒரு சங்கத்தின் மகாசபை கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அங்கத்தினர்கள் பல கேள்விகளைக் கேட்கிறார்கள். நிற்பவர் எந்தத் தெருவினர், எவருக்கு உறவினர், எந்தக் கட்சியைச் சார்ந்தவர், அதிகாரிகளிடம் செல்வாக்கு உள்ளவரா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அவர் என்ன தொழில் செய்து ஜீவிக்கிறார், அத்தொழிலில் அவர் பெற்ற அறிவு நம் சங்கத்திற்கு எவ்விதம் பயன்படும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. இது சிறிய விஷயமன்று. லாப நோக்குள்ள கம்பெனியில் முதல் போட்டவன் தன் பணத்தைத் தானே கண்காணிப்பான். கூட்டுறவுச் சங்கமாயினும், கல்விச் சங்கமாயினும், தரும ஸ்தாபனமாயினும் அங்கே இருக்கும் பணம் எல்லோருடையதும் ஆகும். எல்லோருடைய பணத்தையும் காக்கும் பொறுப்பு குழுவிலுள்ள சிலரிடம் இருக்கிறது. ஆகவே அவர்கள் எத்தகைய அனுபவத்துடன் அங்கே வந்து அமர்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ள அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அது அவர்களுடைய கடமையுமாகும்.

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தஞ்சை நகரின் வடபுறத்திலுள்ள கரந்தையில் 1911ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் ஒரு தமிழ்ச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவர் இராதாகிருட்டினப் பிள்ளை. முதல் தலைவராக அமர்ந்தவர் அவருடைய தமையனார் உமாமகேசுவரனார். தமிழவேள் என்று பிற்காலத்தில் போற்றப்பட்ட இவர் தொழிலால் வழக்கறிஞர். தமிழ்ச் சங்கத்திற்குத் தலைவராகப் புலவர் ஒருவரன்றோ பொருத்தமானவர் என்று எவரும் எண்ணலாம். ஆனால் ஒரு ஸ்தாபனம் நிலைத்து நிற்க வேண்டுமாயின் விதிகள் வேண்டும், நடவடிக்கைக் குறிப்புகள் வேண்டும், நிலமும் கட்டிடமும் சங்கத்தின் பெயரில் ஐயத்திற்கு இடமின்றிப் பதிவாக வேண்டும், வரவு செலவு வெளிப்படையாக இருக்க வேண்டும். இவையெல்லாம் சட்டம் பயின்ற ஒருவருக்கு நன்கு பழகிய காரியங்கள். உமாமகேசுவரனார் 1941இல் காலமாகும் வரை முப்பது ஆண்டுகள் அச்சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

வழக்கறிஞர் ஒருவரால் மட்டும் அச்சங்கம் வளர்ந்துவிடவில்லை. கரந்தைக் கவியரசு என்று பெயர் பெற்ற வேங்கடாசலம் பிள்ளை தமிழாசிரியர். சங்கத்தின் இலக்கியப் பணிக்கு அவருடைய புலமை துணை நின்றது. 1925இல் ‘தமிழ்ப் பொழில்’ என்னும் இதழ் தொடங்கியபோது அத்தகைய புலமையின் பயன் நன்கு விளங்கிற்று. நடுக்காவேரியில் பிறந்த ந. மு. வேங்கடசாமி நாட்டார் திருச்சிராப்பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். 1938இல் கரந்தைப் புலவர் கல்லூரி ஏற்பட்ட பின்னர், தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் ஊதியம் பெறாமல் அக்கல்லூரியின் தலைமைப் பணியை ஏற்று நடத்தினார். பாரிஸ்டர் ஏ. டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர். திருவையாற்று அரசர் கல்லூரியில் தமிழ்க் கல்வி இடம்பெறுவதற்கு அவரும் உமாமகேசுவரனாரும் சேர்ந்து பாடுபட்டனர். இவ்வாறு சட்டம் அறிந்தவர், இலக்கியம் அறிந்தவர், கற்பிக்க வல்லவர், பொது நிர்வாகம் அறிந்தவர் எனப் பலரும் தத்தம் தொழிலின் திறனைக் கொண்டுவந்து ஒரே காரியத்தில் சேர்த்தனர்.

நம் போன்ற கூட்டுறவாளர் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. இத்தமிழ்ச் சங்கம் 1916இல் செந்தமிழ்க் கைத்தொழிற் கல்லூரி ஒன்றையும் தொடங்கியது. ஏட்டுக் கல்வியுடன் கைத்தொழிலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. தஞ்சையில் கூட்டுறவு அச்சகம், நிலவள வங்கி ஆகியவை உருவாக முன்னின்றவர்களிலும் உமாமகேசுவரனார் ஒருவர். தமிழுக்கு உழைத்த வழக்கறிஞர் கூட்டுறவுக்கும் உழைத்தார் என்பதில் வியப்பில்லை. பலர் சேர்ந்து நடத்தும் ஸ்தாபனத்தை எவ்வாறு நடத்துவது என்பதை ஓரிடத்தில் கற்றுக்கொண்டவர் மற்றோரிடத்திலும் அதனைப் பயன்படுத்துகிறார்.

கூட்டுறவு இயக்கத்தின் சரித்திரத்தில் இருவகைக் குழுக்களைக் காண்கிறோம். ஒன்று, தொழிலாளரே தமக்காக அமைத்துக்கொண்ட குழு. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 28 பவுன் மூலதனத்துடன் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் மைல்ஸ் ஆஷ்வொர்த் கம்பளித் துணி நெய்பவர். முதல் காரியதரிசி ஜேம்ஸ் டேலி மரவேலைக்காரர். காசாளராக இருந்த வில்லியம் கூப்பரும் நெசவாளரே. படிப்பில் அவர்கள் பெரியவர்களல்லர். ஆயினும் கலப்பட மாவினாலும் கடன் கணக்கினாலும் தம் குடும்பம் பட்ட துன்பத்தை நேரில் அறிந்தவர்கள். சரியான எடை, கலப்படமற்ற சரக்கு, ரொக்க வியாபாரம், ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்ற விதிகள் அந்த அறிவிலிருந்து பிறந்தவையே.

மற்றொன்று, படித்தவர் முன்னின்று அமைத்த குழு. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டு பதினான்கு பேர் 310 ரூபாய் மூலதனத்துடன் நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அதற்குத் துணை நின்றவர்களில் ஒருவர், இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். மாதச் சம்பளத்தில் ஜீவிக்கும் குடும்பங்கள் மளிகைச் சாமான்களை நியாயமான விலைக்கு வாங்குவது அச்சங்கத்தின் நோக்கம். இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கற்றவர்கள், அதே சமயம் அக்கடையில் சாமான் வாங்குபவர்களும் அவர்களே. கல்வி மட்டும் அவர்களைத் தகுதியுடையவர்களாக்கவில்லை. சங்கத்தின் தேவை அவர்களுடைய சொந்தத் தேவையாகவும் இருந்தது.

இனி நம் காவிரிப் பாசனப் பகுதிக்கு வருவோம். குழுவில் எவர் அமர்கிறார் என்பதைப் பொறுத்துக் கடன் எவருக்குக் கிடைக்கிறது என்பதும் மாறும் என்பதற்குத் தஞ்சை ஜில்லாவே சான்று. 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960-61இல் தீவிர விவசாய ஜில்லாத் திட்டம் தொடங்கப்பட்டபோது, நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரமும் விதையும் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கடன் கொடுப்பது அத்திட்டத்தின் முக்கிய அம்சம். ஆனால் இங்கே பலர் வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டனர். அவர்கள் கையில் சாகுபடிக்குரிய பத்திரம் இல்லை. குத்தகையைப் பதிவு செய்யும் சட்டம் 1969இல் தான் ஏற்பட்டது. நிலமுடையவர்கள் மட்டுமே அமர்ந்துள்ள குழு, பத்திரமில்லாதவருடைய மனுவைப் பார்த்தால் “ஜாமீன் இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்த மனுவுக்குச் செல்லும். குத்தகை விவசாயி ஒருவர் அதே குழுவில் இருப்பாராயின், “இவர் இந்த நிலத்தில் பல போகம் எடுத்ததை நான் அறிவேன், வேறு எவ்வகையில் இவருக்குக் கடன் தரலாம்?” என்று கேட்பார். விதிகள் மாறவில்லை, கேள்வி மட்டும் மாறியது. அந்தக் கேள்வியால் ஒரு குடும்பம் வட்டிக்கடைக்குச் செல்லாமல் தப்பக்கூடும்.

காலமும் அவ்வாறே. குறுவைக்கு நாற்று விடும் முன் வர வேண்டிய கடன் நடவு முடிந்த பின் வந்தால் அதனால் யாருக்கு என்ன பயன்? மேட்டூர் அணை எப்போது திறக்கும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதை வயலில் நிற்பவரே அறிவார். அவர் குழுவில் இருந்தால் கூட்டத்தின் தேதியே மாறும்.

நெசவாளர் சங்கத்திலும் இதுவே உண்மை. நூலின் நம்பர், பாவின் நீளம், ஊடையின் அடர்த்தி, ஜரிகையின் தரம் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்து அறிபவர் குழுவில் இல்லையெனில், கொள்முதல் பட்டியலில் எழுதியிருப்பதே உண்மையென்று கையெழுத்திட வேண்டிவரும். சென்னிமலையில் 1941இல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த எம். பி. நாச்சிமுத்து நெசவுத் தொழிலின் நடுவில் வளர்ந்தவர். அவர் பின்னர், 1935இல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ் என்னும் தலைமைச் சங்கத்தின் பொறுப்பையும் வகித்தார். 1983இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தறியறிந்தவருக்கு நிர்வாகம் வராது என்று சொல்வோருக்கு அவருடைய வாழ்க்கையே விடை. நம் ஜில்லாவில் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955இல் அமைந்தது. திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய பெயரைக் காப்பாற்றுவதற்குச் சேலையின் தரத்தைக் கண்டறியும் கண் குழுவில் எப்போதும் இருக்க வேண்டும்.

அப்படியானால் தொழில் தெரிந்தவர் மட்டும் போதுமா? போதாது. சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் நான் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. நல்ல உழைப்பாளிகளான டைரக்டர்கள் ஐந்தொகையைக் கண்டதும் மௌனமாகிவிடுகிறார்கள். தவணை தவறிய கடன் எவ்வளவு, வர வேண்டிய வட்டி வரவாகிவிட்டதா, இருப்புச் சரக்கின் மதிப்பு சரியா என்று கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். காரியதரிசி காட்டிய இடத்தில் கையெழுத்து விழுகிறது. பின்னர் நஷ்டம் வெளிப்படும்போது கையெழுத்திட்டவர்கள் யாவரும் பொறுப்பாளிகளாகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கியில் பணிபுரிந்தவர், சட்டம் தெரிந்தவர் ஆகியோரில் ஒருவரேனும் குழுவில் இருந்தால் இந்த இடர் பெரிதும் குறையும். அவரும் சங்கத்தின் அங்கத்தினராக இருந்து, பிறருக்குக் கணக்கை விளக்கிச் சொல்பவராக இருந்தால் அதனினும் நன்று.

இக்கருத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2012 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 97ஆவது திருத்தம், டைரக்டர்களின் எண்ணிக்கை 21க்கு மேற்படலாகாது என்றும், தனிநபர்களை அங்கத்தினராகக் கொண்டு அவ்வகுப்பினரும் பெண்களும் உள்ள சங்கங்களில் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடமும் பெண்களுக்கு இரண்டு இடங்களும் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. வங்கி, நிர்வாகம், நிதி அல்லது சங்கத்தின் தொழில் ஆகியவற்றில் அனுபவமுள்ள இருவர் வரை குழுவில் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் அவ்வாறு சேர்க்கப்படுவோர் குழுவின் தேர்தலில் வாக்களிக்கவோ பதவி வகிக்கவோ இயலாது என்றும் விதித்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், மாநிலத்திற்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை இப்பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு அது செல்லும். தீர்ப்பு ஒருபுறம் இருக்க, அதிலுள்ள யோசனை சிந்திக்கத்தக்கது. நிபுணர் ஆலோசனை சொல்லட்டும். அதிகாரம் அங்கத்தினரிடமே இருக்கட்டும். பெண்களுக்கு இடம் என்பதும் தயவன்று. தார் சுற்றுவதும் நாற்று நடுவதும் பெரும்பாலும் அவர்கள் கை உழைப்பே. கூலியின் கஷ்டத்தை அவர்களைவிட அறிந்தவர் யார்?

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். தொழிலறிவு எல்லாச் சமயத்திலும் நன்மையே செய்யும் என்று நினைக்கக்கூடாது. நூல் வியாபாரியே நெசவாளர் சங்கத்தின் கொள்முதல் குழுவில் அமர்ந்தால், நெல் தரகரே விற்பனைச் சங்கத்தில் விலை பேசினால், அவருடைய அறிவு எந்தப் பக்கம் உழைக்கும்? அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆயினும் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்ற நிலையில் அவரை வைப்பது அவருக்கும் நியாயமன்று, சங்கத்திற்கும் நியாயமன்று. தம் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் கூட்டத்திற்கு வரும்போது அதனை வெளிப்படையாகச் சொல்லி, விவாதத்திலிருந்து விலகியிருக்கும் வழக்கத்தை ஒவ்வொரு குழுவும் மேற்கொள்ள வேண்டும். அதனை நடவடிக்கைப் புத்தகத்திலும் பதிய வேண்டும்.

ஆகையால் அடுத்த தேர்தலில் அங்கத்தினர்கள் நான்கு விஷயங்களை விசாரிக்கும்படி வேண்டுகிறேன். முதலாவது, நிற்பவர் செய்யும் தொழில் என்ன? இரண்டாவது, அவர் சங்கத்தில் கடன் பெற்றோ, சரக்கு கொடுத்தோ, நூல் வாங்கியோ பழகியவரா, அல்லது தேர்தல் காலத்தில் மட்டும் தோன்றுபவரா? மூன்றாவது, சங்கத்துடன் போட்டியாகவோ கொடுக்கல் வாங்கலாகவோ அவருக்கு வியாபாரம் உண்டா? நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டறியும் குணம் அவருக்கு உண்டா? இவற்றுடன், குழு முழுவதையும் ஒருசேரப் பாருங்கள். எல்லோரும் நிலச்சுவான்தார்களா? எல்லோரும் ஒரே தெருவா? கணக்கு அறிந்தவர் ஒருவராவது உண்டா? தறியிலோ வயலிலோ உழைப்பவர் எத்தனை பேர்? பெண்கள் பெயரளவில் இருக்கிறார்களா, பேசுகிறார்களா?

ஒவ்வொரு சங்கமும் தன் டைரக்டர்களின் பெயரை அலுவலகப் பலகையில் எழுதி வைத்திருக்கிறது. அப்பெயர்களுக்கு எதிரே அவரவர் தொழிலையும் ஒரு வரியில் எழுதி வைக்கச் செய்யுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மகாசபையின் தீர்மானம் ஒன்றே போதும்.