தலையெழுத்தா? கணினி எழுத்தா?

"ஏனப்பா இந்த வறுமை?" என்று கேட்டால், "எல்லாம் தலையெழுத்து" என்று ஏழையின் வாயாலேயே சொல்ல வைத்த காலம் ஒன்று இருந்தது. எழுதியவன் யார்? எந்தக் கோலால் எழுதினான்? ஏழை தலையில் மட்டும் ஏன் கோணலாக எழுதினான்? இப்படிக் கேட்டது நமது இயக்கம். கேட்டபிறகுதான் தலைகள் நிமிர்ந்தன.

இன்று இன்னொரு எழுத்து கிளம்பியிருக்கிறது, தோழர்களே! "நாங்கள் என்ன செய்வோம்? கணினி அப்படிச் சொல்லிவிட்டது" என்று கைவிரிக்கிறார்கள் அதிகாரிகள். கணினிக்குள் இருந்து கட்டளையிடும் அந்தக் கணக்குக்கு அல்காரிதம் என்று பெயர். யாருக்கு உதவி, யாருக்கு வேலை, யார் மீது சந்தேகம் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. அது ஆண்டவன் அருளிய வாக்கா? அல்ல, அல்ல! ஆள் எழுதிய கணக்கு. எனவே அதையும் கேள்வி கேட்போம்.

ஆஸ்திரேலியாவிலே நடந்ததைப் பாருங்கள். அங்கே வேலையில்லாதோருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வருமானத்தைச் சொல்ல வேண்டும். அதற்கேற்பத் தொகை கிடைக்கும். 2015-ல் சோதனையாகத் தொடங்கி, 2016-ல் விரிவாக்கப்பட்டது 'ரோபோடெட்' என்று மக்கள் பெயரிட்ட திட்டம். வரித்துறையிடமிருந்து ஆண்டு வருமானத்தை வாங்கி, 26 பங்காக வகுத்தது கணினி. ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் இவ்வளவு சம்பாதித்தாய் என்று முடிவு கட்டியது.

ஒரு தொழிலாளி ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் ஈட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆறு மாதம் வேலையில்லை. முறைப்படி உதவி பெற்றார். கணினி என்ன கண்டது? ஆண்டு முழுதும் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர்! "வேலையில்லாத நாளிலும் சம்பாதித்தாய், அரசை ஏமாற்றினாய், பணத்தைத் திருப்பிக் கட்டு" என்று ஓலை பறந்தது. குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே! பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலைந்தனர் ஏழைகள். மனமுடைந்து மாண்டோரும் உண்டு.

வகுத்த கணக்கிலே பிழையில்லை. வகுத்ததே பிழை! மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் அளவுகோல், கிடைத்த நாளில் உழைத்துக் கிடைக்காத நாளில் பட்டினி கிடப்பவனுக்குப் பொருந்துமா? ஆலைவாசலில் நிற்கும் எந்தத் தற்காலிகத் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரே! சட்டம் தெரிந்தவர்களும் சொன்னார்கள். சட்டத்தைத் திருத்தாமல் இது செல்லாது என்று 2014-லேயே துறையின் சட்ட ஆலோசனை எச்சரித்தது. எச்சரிக்கை எட்டியது, இதயம்தான் எட்டவில்லை. 2019-ல் இந்த முறையில் சுமத்திய கடன் செல்லாது என்றானது நீதிமன்றத்தில். 2020-ல் ஏறத்தாழ 4,70,000 கடன்களுக்காக 72 கோடியே 10 லட்சம் டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்று 2023-ல் அரச விசாரணை ஆணையமும் தீர்ப்புரைத்தது.

அமெரிக்காவுக்கு வருவோம். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று மருத்துவமனைகளுக்குச் சொன்னது ஒரு கணக்கு. கறுப்பரா வெள்ளையரா என்று அது கேட்கவே இல்லை. பின் எப்படிப் புகுந்தது பேதம்? நோயின் கடுமையை அளக்க, செலவான பணத்தை அளந்தது! வசதியின்றி மருத்துவரை நாடாத கறுப்பருக்குச் செலவு குறைவு. ஆகவே நோயும் குறைவு என்று முடிவு கட்டியது. 2019-ல் இதை அம்பலப்படுத்திய ஆய்வுக்குழுவிலே மருத்துவர் சியாட் ஓபர்மேயரும் இருந்தார், தமிழ்ப் பெயர் தாங்கிய பொருளியல் அறிஞர் செந்தில் முல்லைநாதனும் இருந்தார். கணக்கின் சாய்வைத் திருத்தினால், கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என்று காட்டினார்கள். மருத்துவமும் பொருளியலும் கைகோத்தன. மறைந்திருந்த பேதம் வெளியே வந்தது.

நெதர்லாந்திலோ, குழந்தைக் காப்பக உதவி பெற்ற பெற்றோரில் மோசடிக்காரர் யார் என்று தேடிய கணினி, அயல்நாட்டுக் குடியுரிமையையே சந்தேகக் குறியாகக் கொண்டது. ஆயிரமாயிரம் குடும்பங்கள் பொய்ப்பழியாலும் கடனாலும் சிதைந்தன. பழி வெளிவந்தபோது, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகிற்று!

இவை எதைக் காட்டுகின்றன? கணினி வேகமாக ஓடுகிறதா என்று பொறியாளர் சொல்வார். சட்டம் மீறப்படுகிறதா என்று வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். உடல் நலியுமா என்று மருத்துவர் அறிவார். எந்த மக்கள் மிதிபடுவர் என்று சமூகவியலார் அறிவார். வயிறு எரிவதை அந்த வயிற்றுக்குரியவனே அறிவான். இத்தனை பேரும் ஒரே மேசையில் அமர்ந்து எடைபோட வேண்டும். அதுவும் ஊரெல்லாம் அழுத பிறகு அல்ல, கணினியை ஓட்டுவதற்கு முன்பே!

கணினியைக் கண்டு கலங்குவோர் அல்ல நாம். அறிவியலை அரவணைத்து வளர்ந்த இயக்கம் இது. கத்தியைக் குறை சொல்லவில்லை. யார் கையில், யார் கழுத்தருகே என்று கேட்கிறோம். நாம் கோருவது மூன்று. ஏழையின் வாழ்வைத் தீர்மானிக்கும் கணக்கு எதுவாயினும் அதன் விதி வெளியே தெரிய வேண்டும். அதன் முடிவை எதிர்த்து ஒரு மனிதரிடம் முறையிட வழி வேண்டும். பழி சுமத்துவது கணினியாயினும், நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையதாக வேண்டும்.

தலையெழுத்தை எழுதியவனை எவரும் கண்டதில்லை. கணினி எழுத்தை எழுதியவருக்கோ ஊர் உண்டு, பேர் உண்டு, சம்பளமும் உண்டு. அவரை எழுதச் சொன்ன ஆட்சியாளரும் உண்டு. கேட்போம், தோழர்களே! பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.