பழைய பிலிம் படங்கள்: விதைநெல் எது, விற்பனைச் சரக்கு எது?

கடை திறப்பு விழா, கல்லாவில் அமர்ந்திருக்கும் அப்பா, சங்கத்தின் ஆண்டு விழா, பிள்ளைகளின் திருமணம் என்று நம் வணிகக் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் பிலிம் சுருள்களில்தான் உறங்குகிறது. அந்த நெகடிவ்கள் பல வீடுகளில் ஸ்டுடியோக்காரர் கொடுத்த உறையிலேயே பீரோவின் அடியில் கிடக்கின்றன.

பிலிமும் காலாவதியாகும் சரக்குதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கலர் பிலிமில் உள்ள சாயம் நாளாக நாளாக வெளுக்கும். அசிடேட் வகை பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை வீசும். பிறகு சுருங்கி நெளிந்துவிடும். ஆகவே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்ல காரியம். ஆனால் எந்த வடிவத்தில் கோப்பாக வாங்குவது என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை. காசு செலவழித்தும் பலன் குறைவது இந்த இடத்தில்தான்.

ஜேபெக்: சிக்கனமும் சேதாரமும்

நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டுடியோவில் கிடைப்பது பெரும்பாலும் ஜேபெக் கோப்பாகத்தான் இருக்கும். 1992-இல் தர நிர்ணயம் பெற்ற இம்முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு மீதியை மூட்டை கட்டுகிறது. இதனால் இடம் மிச்சம். உறவினருக்கு அனுப்பவும், காலண்டர் அச்சிடக் கொடுக்கவும் இது தாராளமாகப் போதும்.

ஆனால் கழித்தது கழித்ததுதான். படத்தைத் திறந்து, வெளிச்சம் கூட்டி, ஓரம் வெட்டி மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு கழிவு விழுகிறது. பல முறை இப்படிச் செய்தால் முகத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். வெறுமனே திறந்து பார்ப்பதாலோ, ஒரு பென் டிரைவிலிருந்து மற்றொன்றுக்கு நகல் எடுப்பதாலோ சேதாரம் கிடையாது. அந்தப் பயம் வேண்டாம். ஜேபெக்கைப் பின்னால் வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் போனது திரும்பாது. அரைத்த மாவை மீண்டும் கோதுமை ஆக்க முடியுமா?

டிஃப்: கழிவில்லாத மூலச் சரக்கு

1986-இல் ஆல்டஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது டிஃப். ஸ்கேனர் பிடித்த ஒவ்வொரு புள்ளியையும் இது அப்படியே வைத்துக்கொள்ளும். எல்.இசட்.டபிள்யூ. என்ற முறையில் சுருக்கினாலும் ஒரு புள்ளி கூடக் குறையாது. 1996-இல் வந்த பி.என்.ஜி. வடிவமும் கழிவில்லாததே. எனினும் ஆவணக் காப்பகங்கள் மூலப் பிரதிக்கு நெடுங்காலமாகக் கையாள்வது டிஃப் வடிவத்தைத்தான்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் பார்ப்போம். சாதாரண 35 மில்லிமீட்டர் நெகடிவின் ஒரு படம் 36-க்கு 24 மி.மீ. அளவுடையது. அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 77 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 23 எம்.பி. ஆயிரம் படங்களுக்கு 23 ஜி.பி. ஒரு 64 ஜி.பி. பென் டிரைவில் பாதி கூட நிரம்பாது. சிறிய ஹார்டு டிஸ்குகள் விலை உயர்ந்திருந்த காலத்தில் ஜேபெக்கை நாடியதில் நியாயம் இருந்தது. இன்று அந்த நியாயம் பெரிதாக இல்லை.

ஒரு கம்பெனியை மட்டும் நம்பலாமா?

1992-இல் கோடாக் நிறுவனம் 'போட்டோ சிடி' என்ற முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு தட்டில் சுமார் 100 படங்கள். ஒவ்வொன்றும் 3072-க்கு 2048 புள்ளிகள் வரை. அன்றைக்கு அது உயர்ந்த தரம். ஆனால் அந்த வடிவத்தின் முழு விவரத்தை நிறுவனம் வெளியிடவில்லை. நாளடைவில் முறை கைவிடப்பட்டது. பல மென்பொருள்களும் அதைத் திறக்கும் வசதியை நிறுத்திக்கொண்டன. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. படங்கள் தட்டில் பத்திரமாக இருந்தும், எடுத்துப் பார்க்க வழி தேட வேண்டியதாயிற்று.

ஒரே கடையில் மட்டும் செல்லும் படிக்கல்லை வைத்துக்கொண்டு ஊரெங்கும் வியாபாரம் செய்ய முடியாது. ஜேபெக், டிஃப், பி.என்.ஜி. மூன்றின் விவரங்களும் பகிரங்கமானவை. எவரும் அவற்றைத் திறக்கும் மென்பொருள் எழுதலாம். நீண்ட நாள் சேமிப்புக்கு இதுவே முக்கியமான பாதுகாப்பு.

ஸ்டுடியோவில் சொல்ல வேண்டியவை

1. நெகடிவ் இருந்தால் பிரிண்டிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டாம். நெகடிவிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

2. 2400 புள்ளிக்குக் குறையாமல், டிஃப் வடிவில் கேளுங்கள். டிஃப்புக்குள்ளும் ஜேபெக் சுருக்கம் வைக்க முடியும். அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜேபெக்காக எடுத்துவிட்டு டிஃப்பாக மாற்றித் தருவதையும் ஏற்க வேண்டாம்.

3. நிறம் வெளுத்த படங்களுக்கு 16 பிட் கேளுங்கள். 8 பிட்டில் நிறம் ஒன்றுக்கு 256 படிகள். 16 பிட்டில் 65,536. இடம் இரு மடங்கு பிடிக்கும். ஆனால் நிறத்தைத் திருத்தும்போது படம் திட்டுத் திட்டாகாது.

4. கட்டணத்தை முன்னதாகவே பேசி முடித்துக்கொள்ளுங்கள். எல்லாப் படங்களுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் முக்கியமானவற்றை டிஃப்பாகவும், மற்றவற்றை உயர்தர ஜேபெக்காகவும் வாங்கலாம்.

டிஃப் விதைநெல், ஜேபெக் விற்பனைச் சரக்கு. மூலக் கோப்பைத் தொடாமல், அதிலிருந்து தேவைக்கேற்ப ஜேபெக் எடுத்துப் பயன்படுத்துவோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கப்படும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

கோப்பின் பெயரில் ஆண்டையும், படத்தில் இருப்பவர் பெயரையும் எழுதுவோம். கடையில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி வைப்போம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இரண்டையும் ஒரு முறை திறந்து பார்ப்போம். ஸ்கேன் ஆகிவிட்டதென்று நெகடிவை எறிந்துவிட வேண்டாம். வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைப்போம்.

படத்தில் இருக்கும் பெரியவர்களின் பெயர் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. பெயரில்லாத முகத்தை எந்த வடிவத்தில் சேமித்தாலும் அடுத்த தலைமுறைக்கு அது அந்நியர் படம்தான்.